போஸ்ட்கிரெஸ் சர்வரில் ஷேர்டு மெமரி ஒதுக்கீடு: கணக்கு முதல் சரிபார்ப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வர், தன் எல்லா ப்ராசஸும் பொதுவாகப் பயன்படுத்தும் முக்கிய ஷேர்டு மெமரியை, தான் தொடங்கும் நேரத்தில் ஒரே தடவையாகக் கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கேட்டு வாங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆகவே இந்த வேலையில் எண்களைவிட வரிசை முக்கியம். ஷேர்டு பஃபர்ஸை (தரவுப் பக்கங்களைப் போஸ்ட்கிரெஸ் தேக்கிவைக்கும் பொது இடம்) முதலில் கூட்டி ரீஸ்டார்ட் செய்து, பிறகு கனெக்ஷன் எண்ணிக்கையை மாற்றி, பிறகு ஹியூஜ் பேஜஸ் (கர்னல் தரும் பெரிய நினைவகப் பக்கங்கள்) பக்கம் போகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் முந்தைய கணக்கை உடைத்துக்கொள்கிறார்கள்.

கீழே உள்ள படிகள் முழுவதும் ஒரே சர்வரை வைத்துப் போகின்றன: 64 ஜிபி ரேம், 64 பிட் இன்டெல் வகைச் செயலி, லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் 16, அதிகபட்சம் 200 கனெக்ஷன், அந்த மெஷினில் வேறு பெரிய வேலை எதுவும் இல்லை. அமைப்புகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் எழுதும்போது அவை ஆங்கிலச் சிறிய எழுத்தில், சொற்களுக்கிடையே அடிக்கோட்டுடன் வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, சர்வரை நிறுத்தித் தொடங்க அனுமதிக்கப்பட்ட நேரம். இங்கே மாற்றப்போகிற பெரும்பாலான அமைப்புகள் ரீலோடில் எடுபடாது, ரீஸ்டார்ட் வேண்டும். அந்த நேரத்தில் ரூட் அனுமதியும் தேவைப்படும், ஏனென்றால் பாதி வேலை கர்னல் பக்கம் இருக்கிறது.

அடுத்து, இப்போதைய நிலையின் நகல். பிஜி செட்டிங்ஸ் என்ற வியூவின் முழு வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமித்துவையுங்கள். ஏதாவது தவறினால் எந்த எண்ணுக்குத் திரும்புவது என்பது அப்போதுதான் தெரியும்.

உச்ச நேரத்தில் உண்மையாக எத்தனை கனெக்ஷன் வேலை செய்கிறது என்பதையும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். சும்மா திறந்து கிடப்பவற்றைத் தனியாகவும், குவெரி ஓடுகிறவற்றைத் தனியாகவும் எண்ண வேண்டும். இரண்டுக்கும் கணக்கு வேறு.

டாக்கர் போன்ற கன்டெய்னரில் ஓடுகிறதா, ரெப்ளிகா (பிரைமரி என்ற முதன்மைச் சர்வரைத் தொடர்ந்து நகலெடுக்கும் சர்வர்) இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் பின்னால் வரும் படிகளை மாற்றும்.

2. எது ஷேர்டு, எது தனி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. அமைப்புக் கோப்பில் நினைவகம் சம்பந்தப்பட்ட வரிகள் எல்லாம் அருகருகே இருப்பதால் எல்லாம் ஒரே கணக்கு என்று தோன்றும். அப்படி இல்லை.

ஷேர்டு பஃபர்ஸ், வால் பஃபர்ஸ் (மாற்றங்களை முன்கூட்டியே பதியும் வால் கோப்புகளுக்கான தேக்கம்), பூட்டுகளின் அட்டவணை, கனெக்ஷன்களைப் பற்றிய விவரம் ஆகியவை எல்லா ப்ராசஸும் பார்க்கும் பொது இடத்தில் இருக்கின்றன. இதன் அளவு தொடங்கும்போதே முடிவாகிவிடும்.

வொர்க் மெம் (குவெரிக்குள் வரிசைப்படுத்தவும் ஹாஷ் போடவும்), மெயின்டனன்ஸ் வொர்க் மெம் (இன்டெக்ஸ், வேக்யூம் போன்ற பராமரிப்புக்கு) இரண்டும் தனி. ஒவ்வொரு ப்ராசஸும் தேவைப்படும்போது தன்னிடத்தில் எடுத்துக்கொள்ளும். எத்தனை ப்ராசஸ், எத்தனை தடவை எடுக்கும் என்பதை அமைப்புக் கோப்பு சொல்லாது.

எஃபெக்டிவ் கேஷ் சைஸ் எந்த நினைவகத்தையும் எடுப்பதில்லை. குவெரி திட்டமிடுபவருக்கு, ‘இவ்வளவு தரவு கேஷில் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்’ என்று சொல்லும் குறிப்பு மட்டுமே. இதை 48 ஜிபி என்று வைத்துவிட்டு, 48 ஜிபி காணாமல் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. நம் சர்வருக்கு 40 முதல் 48 ஜிபி வரை வைக்கலாம்.

3. தனி நினைவகத்தை முதலில் கணக்கிடுங்கள்

ஷேர்டு பஃபர்ஸுக்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஷேர்டு மெமரி ஒரு நிலையான எண், பெருகாது. பெருகுவது தனி நினைவகம்தான். அது எல்லை மீறினால் நினைவகம் தீரும்போது இயங்கும் கர்னலின் ஓஓஎம் கில்லர் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்லும்.

ஒரு கனெக்ஷனின் ப்ராசஸ் அப்படிக் கொல்லப்பட்டால் பாதிப்பு அந்தக் கனெக்ஷனோடு நிற்பதில்லை. செத்த ப்ராசஸ் பொது இடத்தை அரைகுறையாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம் என்பதால், தாய் ப்ராசஸ் மற்ற எல்லாக் கனெக்ஷன்களையும் துண்டித்து, ஷேர்டு மெமரியைப் புதிதாக அமைத்து, வால் கோப்புகளிலிருந்து மீட்பை ஓட்டும். சிக்கிக்கொண்ட ஒரு குவெரியை ‘கில் -9’ கொடுத்து நிறுத்துகிறவர்களும் இதே விளைவைத்தான் வரவழைக்கிறார்கள். அதற்குப் பிஜி டெர்மினேட் பேக்எண்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

வொர்க் மெம் ஒரு குவெரிக்கான அளவு என்று நினைப்பது பெரிய பிழை. ஒரு குவெரிக்குள் வரிசைப்படுத்தும் ஒவ்வொரு படியும், ஹாஷ் போடும் ஒவ்வொரு படியும் தனித்தனியாக அந்த அளவை எடுக்கலாம். பேரலல் வொர்க்கர்களும் தனித்தனியாக எடுக்கும். ஹாஷ் படிகளுக்கு ஹாஷ் மெம் மல்டிப்ளையர் என்ற பெருக்கு எண்ணும் உண்டு. போஸ்ட்கிரெஸ் 15 முதல் அதன் இயல்பு மதிப்பு 2, அதாவது ஹாஷுக்கு வொர்க் மெம்மைப்போல் இரண்டு மடங்கு.

நம் சர்வரில் உச்ச நேரத்தில் 60 குவெரி ஒரே சமயம் ஓடுகிறது, ஒவ்வொன்றிலும் மூன்று படிகள் நினைவகம் கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வொர்க் மெம் 32 எம்பி என்றால் 60 × 3 × 32 = 5,760 எம்பி. ஹாஷ் இரட்டிப்பை நினைத்து 10 ஜிபி ஒதுக்குங்கள். மெயின்டனன்ஸ் வொர்க் மெம் 1 ஜிபி என்றால், இயல்பாக இருக்கும் மூன்று ஆட்டோவேக்யூம் வொர்க்கருக்கும் (செத்த வரிகளைத் தானாகச் சுத்தம் செய்யும் ப்ராசஸ்) கையால் ஓட்டும் ஒரு இன்டெக்ஸ் வேலைக்கும் சேர்த்து 4 ஜிபி. சும்மா இருக்கும் கனெக்ஷனும் சில எம்பி பிடிக்கும். ஒன்றுக்கு 10 எம்பி என்று கொண்டால் 200-க்கு 2 ஜிபி. ஆக மொத்தம் 16 ஜிபி.

இந்தக் கூட்டல் ரேமில் பாதியைத் தாண்டினால், ஷேர்டு பஃபர்ஸைக் குறைத்து இடம் கொடுக்க முயலாதீர்கள். கனெக்ஷன்களைக் குறைத்து, முன்னால் பிஜிபவுன்சர் போன்ற ஒரு பூலரை (சில கனெக்ஷன்களைப் பலருக்கும் பகிர்ந்து தரும் நிரல்) வையுங்கள். பெரிய அறிக்கைக் குவெரிகளுக்கு மட்டும் அந்த செஷனில் வொர்க் மெம்மைக் கூட்டிக்கொள்ளலாம், அதற்கு ரீஸ்டார்ட் வேண்டாம்.

4. ஷேர்டு பஃபர்ஸ்

இதன் இயல்பு மதிப்பு 128 எம்பி. எந்தச் சின்ன மெஷினிலும் ஓட வேண்டும் என்பதற்காக வைத்த எண் அது. டேட்டாபேஸுக்கென்றே ஒதுக்கிய சர்வரில் ரேமில் கால் பங்கில் தொடங்கலாம் என்பது போஸ்ட்கிரெஸ் ஆவணத்தின் பரிந்துரை. 40 சதவீதத்துக்கு மேல் போனால் பலன் கூடுவது அரிது என்றும் அதுவே சொல்கிறது. நமக்கு 16 ஜிபி.

ஏன் 50 ஜிபி வைக்கக்கூடாது? போஸ்ட்கிரெஸ் கோப்புகளைக் கர்னலின் கேஷ் வழியாகத்தான் படிக்கிறது. ஷேர்டு பஃபர்ஸில் இல்லாத பக்கம் பெரும்பாலும் கர்னலின் கேஷில் இருக்கும், டிஸ்க் வரை போக வேண்டியிருக்காது. அந்த இடத்தைப் பிடுங்கி ஷேர்டு பஃபர்ஸுக்குக் கொடுத்தால், வரிசைப்படுத்தும்போது எழுதும் தற்காலிகக் கோப்புகளும் பேக்கப்பும் நேராக டிஸ்க்கில் மோதும்.

அலகை எழுதும்போது கவனம் வேண்டும். அலகு இல்லாமல் வெறும் எண் கொடுத்தால் அது 8 கேபி பக்கங்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளப்படும். எம்பி, ஜிபி இரண்டும் பெரிய எழுத்தில்தான் இருக்க வேண்டும், சிறிய எழுத்தில் எழுதினால் சர்வர் தொடங்காது.

இதோடு மேக்ஸ் வால் சைஸையும் கூட்டுங்கள். இயல்பாக இருக்கும் 1 ஜிபியை அப்படியே விட்டால், எழுத்து அதிகமான நேரத்தில் செக்பாயின்ட் (மாறிய பக்கங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் வேலை) அடிக்கடி வந்து, பெரிய பஃபரில் தேங்கிய அழுக்குப் பக்கங்களை நெருக்கமாக டிஸ்க்கில் கொட்டும். 8 ஜிபி நல்ல தொடக்கம், டிஸ்க்கில் அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். வால் பஃபர்ஸைத் தொட வேண்டாம். அது தானாக ஷேர்டு பஃபர்ஸில் 32-இல் ஒரு பங்கு எடுக்கும், வழக்கமான நிறுவலில் 16 எம்பியோடு நிற்கும்.

5. பூட்டுகளின் அட்டவணை

‘அவுட் ஆஃப் ஷேர்டு மெமரி’ என்று ஒரு பிழை வரும். இதைப் பார்த்ததும் ஷேர்டு பஃபர்ஸைக் கூட்டுகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அது உதவாது. நிறைந்துபோனது பெரும்பாலும் பூட்டுகளின் அட்டவணை. பிழைக்கு அடுத்த வரியிலேயே மேக்ஸ் லாக்ஸ் பெர் ட்ரான்சாக்ஷனைக் கூட்டச் சொல்லும் குறிப்பு இருக்கும். பதிவுக் கோப்பில் அந்த இரண்டாவது வரியையும் படியுங்கள்.

இந்த அட்டவணையின் அளவு ஒரு பெருக்கல்: மேக்ஸ் லாக்ஸ் பெர் ட்ரான்சாக்ஷனை, மேக்ஸ் கனெக்ஷன்ஸ், மேக்ஸ் ப்ரிப்பேர்டு ட்ரான்சாக்ஷன்ஸ் இரண்டின் கூட்டுத்தொகையால் பெருக்க வேண்டும். இயல்பு மதிப்பு 64. நம் 200 கனெக்ஷனுக்கு 12,800 இடம். பெயரில் ‘பெர் ட்ரான்சாக்ஷன்’ என்று இருந்தாலும் ஒரே ட்ரான்சாக்ஷன் 64-க்கு மேல் எடுக்கலாம். மொத்த இடம்தான் எல்லை.

இது எப்போது நிறையும்? 1,000 பார்ட்டிஷனாக (துண்டாக) பிரித்த டேபிள், ஒவ்வொன்றிலும் 3 இன்டெக்ஸ் என்றால், பார்ட்டிஷன் சாவி இல்லாத ஒரு குவெரி சுமார் 4,000 பூட்டு எடுக்கும். அப்படிப் பல குவெரி ஒரே நேரத்தில் வந்தால் நிறைந்துவிடலாம். பிஜி டம்ப் என்ற பேக்கப் கருவி ஓடும்போது எல்லா டேபிள்களிலும் பூட்டுப் போட்டு, முடியும்வரை பிடித்துக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பார்ட்டிஷன்கள் நிறைய இருந்தால் 256 வையுங்கள். 51,200 இடம் கிடைக்கும், செலவு சில பத்து எம்பிதான்.

ரெப்ளிகா இருந்தால் இங்கே வரிசை முக்கியம். மேக்ஸ் கனெக்ஷன்ஸ், மேக்ஸ் லாக்ஸ் போன்றவற்றைக் கூட்டும்போது முதலில் ரெப்ளிகாவில் கூட்டிவிட்டுப் பிறகு பிரைமரியில் கூட்ட வேண்டும். குறைக்கும்போது பிரைமரி முதலில். ரெப்ளிகாவின் எண் பிரைமரியைவிடக் குறைவாக இருந்தால், பிரைமரியில் நடந்ததை அதனால் முழுமையாகப் பின்பற்ற முடியாமல் மீட்பு நின்றுபோகும்.

6. ஹியூஜ் பேஜஸ்

மேலே உள்ள எல்லா எண்களும் முடிவான பிறகுதான் இந்தப் படி. முன்னாலேயே செய்தால் பக்க எண்ணிக்கை தவறிவிடும்.

இது ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்கு. சாதாரணப் பக்கம் 4 கேபி. 16 ஜிபி என்பது சுமார் 42 லட்சம் பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் பேஜ் டேபிளில் 8 பைட் என்றால் 32 எம்பி. இந்த டேபிள் ப்ராசஸ்களுக்குப் பொதுவல்ல, ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனியாக இருக்கிறது. 200 கனெக்ஷனும் நாளடைவில் பஃபர் முழுவதையும் தொட்டால் 6 ஜிபிக்கு மேல் வெறும் முகவரிக் குறிப்புக்கே போய்விடும். 2 எம்பி பக்கமாக வைத்தால் 8,192 பக்கம், ப்ராசஸுக்கு 64 கேபி, மொத்தமும் 13 எம்பிக்குள். கனெக்ஷன் அதிகமான சர்வரில் இதைவிட மலிவாக நினைவகம் மிச்சமாகும் வழி எனக்குத் தெரிந்து இல்லை.

செய்முறை இப்படி. மேலே சொன்ன அமைப்புகளையெல்லாம் கோப்பில் எழுதிவிட்டு சர்வரை நிறுத்துங்கள். போஸ்ட்கிரெஸ் பயனராக மாறி (ரூட்டாக ஓடாது) ‘போஸ்ட்கிரெஸ் -டி கோப்பகம் -சி ஷேர்டு_மெமரி_சைஸ்_இன்_ஹியூஜ்_பேஜஸ்’ என்று கொடுங்கள். டி, சி இரண்டும் பெரிய எழுத்து. டெபியன், உபுண்டுவில் அமைப்புக் கோப்பு தரவோடு இருக்காது என்பதால், அந்த அமைப்புக் கோப்பு இருக்கும் கோப்பகத்தைத் தர வேண்டும். சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டளை வேலை செய்யாது. போஸ்ட்கிரெஸ் 15 முதல்தான் இந்த வசதி.

வரும் எண் 8,192-ஐவிட நூறுக்கு மேல் கூடுதலாக இருக்கும். பஃபர்களைப் பற்றிய குறிப்புகள், பூட்டு அட்டவணை எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. 16 ஜிபியை 2 எம்பியால் வகுத்து 8,192 என்று நேராக எழுதுகிறவர்களின் சர்வர் ஹியூஜ் பேஜஸ் எடுக்காததற்கு இதுவே காரணம். வந்த எண்ணோடு ஒரு 20, 30 பக்கம் சேர்த்து, விஎம் டாட் என்ஆர் ஹியூஜ்பேஜஸ் என்ற கர்னல் அமைப்பில் எழுதுங்கள். சிஸ்கன்ட்ரோல் கோப்பகத்திலும் ஒரு கோப்பாக வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் போய்விடும்.

உடனே ப்ராக் கோப்பகத்தில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பில் ஹியூஜ்பேஜஸ் டோட்டலைப் பாருங்கள். கேட்டதைவிடக் குறைவாக இருந்தால், நினைவகம் துண்டுதுண்டாகக் கிடப்பதால் தொடர்ச்சியான 2 எம்பி இடங்கள் போதவில்லை என்று பொருள். ரீபூட் செய்தால் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஹியூஜ் பேஜஸ் அமைப்பின் இயல்பு மதிப்பு ‘ட்ரை’. பக்கங்கள் ஒன்று குறைந்தாலும் சர்வர் எந்தச் சத்தமும் இல்லாமல் சாதாரணப் பக்கங்களில் 16 ஜிபியைக் கேட்டுத் தொடங்கிவிடும். கர்னல் ஒதுக்கிவைத்த 16 ஜிபியை வேறு யாரும் தொட முடியாது. ஆக 32 ஜிபி போய்விட்டது, பலன் எதுவும் இல்லை. சில மணி நேரம் கழித்து ஓஓஎம் கில்லர் வரும்போதுதான் தெரியும். அதனால் மதிப்பை ‘ஆன்’ என்று வையுங்கள். பக்கம் போதாவிட்டால் சர்வர் தொடங்க மறுக்கும், குறை அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும்.

டிரான்ஸ்பேரண்ட் ஹியூஜ் பேஜஸ் என்பது வேறு வசதி. அதைப் போஸ்ட்கிரெஸ் ஆவணம் பரிந்துரைப்பதில்லை. அணைத்துவிடுங்கள்.

7. கர்னல் பக்கத்துக் காவல்

விஎம் ஓவர்கமிட் மெமரியை 2 என்று வைத்தால், இல்லாத நினைவகத்தைக் கர்னல் வாக்குக் கொடுக்காது. குவெரி ஒன்று பிழையோடு நிற்கும், சர்வர் முழுவதும் விழாது. ஆனால் ஓவர்கமிட் ரேஷியோவின் இயல்பு மதிப்பு 50. ஹியூஜ் பேஜஸுக்குப் போனதைக் கழித்த மீதி 47 ஜிபியில் பாதியும் ஸ்வாப்பும் மட்டும்தான் எல்லையாகும். அதை 80 ஆக்கினால் 38 ஜிபி அளவுக்கு வரும். ரேஷியோவை மாற்றாமல் 2-ஐ மட்டும் வைத்தால், ஃப்ரீ கட்டளையில் நினைவகம் நிறைய இருப்பதாகத் தெரியும்போதே ‘அவுட் ஆஃப் மெமரி’ வரும்.

பேரலல் குவெரிகள் வேறொரு இடத்தைப் பயன்படுத்துகின்றன. அதன் பெயர் டைனமிக் ஷேர்டு மெமரி, லினக்ஸில் அது டெவ் எஸ்ஹெச்எம் என்ற கோப்பகத்தில் இருக்கும். டாக்கரில் இதன் இயல்பு அளவு வெறும் 64 எம்பி. பெரிய பேரலல் ஹாஷ் வந்ததும் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வரும், பார்த்தவர் டிஸ்க்கைத் துடைக்கத் தொடங்குவார். கன்டெய்னரைத் தொடங்கும்போது எஸ்ஹெச்எம் சைஸ் என்ற விருப்பத்தில் 1 ஜிபியாவது கொடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் பயனரைக் கையால் சாதாரணப் பயனராக உருவாக்கியிருந்தால், சிஸ்டம்டியின் லாகின்டி கோப்பில் ரிமூவ் ஐபிசி என்பதை ‘நோ’ என்று வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பயனர் லாக்அவுட் ஆனதும் ஷேர்டு மெமரித் துண்டுகள் அழிக்கப்படலாம்.

எஸ்ஹெச்எம்மேக்ஸ், எஸ்ஹெச்எம்ஆல் இரண்டையும் கூட்டச் சொல்லும் பழைய குறிப்புகளை விட்டுவிடலாம். 2013-இல் வந்த 9.3 முதல் சிறு துண்டு ஒன்றைத் தவிர மீதியெல்லாம் வேறு வழியில் எடுக்கப்படுகிறது.

8. தொடங்குதல்

ஆல்டர் சிஸ்டம் மூலம் முன்பு யாராவது ஏதாவது வைத்திருந்தால், அது ஆட்டோ டாட் கான்ஃப் என்று முடியும் கோப்பில் இருக்கும். அதுதான் கடைசியாகப் படிக்கப்படும், நீங்கள் முதன்மைக் கோப்பில் எழுதியதை மீறிவிடும். நிறுத்துவதற்கு முன்பே பிஜி ஃபைல் செட்டிங்ஸ் வியூவில் எந்த வரி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எழுத்துப் பிழைகளையும் அது காட்டிவிடும். ரீலோட் கொடுத்தால் பிஜி செட்டிங்ஸில் பென்டிங் ரீஸ்டார்ட் என்ற பத்தி, மாற்றம் பதிவாகியிருப்பதை உறுதிசெய்யும்.

நிறுத்துவதற்குச் சற்று முன்னால் கையால் ஒரு செக்பாயின்ட் ஓட்டுங்கள். 16 ஜிபி பஃபரில் உள்ளதை நிறுத்தும் நேரத்தில் எழுதினால் காத்திருப்பு நீளும்.

தொடங்கும்போது ‘ப்ரீ-எக்ஸிஸ்டிங் ஷேர்டு மெமரி பிளாக் இஸ் ஸ்டில் இன் யூஸ்’ என்று வந்தால் நிதானமாக இருங்கள். பழைய சர்வரின் ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. போஸ்ட்மாஸ்டர் டாட் பிட் கோப்பை அழித்துவிட்டுத் தொடங்கினால் இரண்டு சர்வர் ஒரே தரவை எழுதித் தரவே கெட்டுப்போகும். அந்தப் பழைய ப்ராசஸைத் தேடி முறையாக நிறுத்துங்கள், அந்தக் கோப்பைத் தொடவே தொடாதீர்கள்.

தொடங்கியதும் பஃபர் காலியாக இருக்கும், முதல் சில நிமிடம் குவெரிகள் மெதுவாகப் போகும். பிஜி ப்ரீவார்ம் எக்ஸ்டென்ஷனை முன்பே சேர்த்திருந்தால், முன்பு பஃபரில் இருந்த பக்கங்களை அது தானாக ஏற்றும்.

9. சரிபார்த்தல்

பிஜி ஷ்மெம் அலொகேஷன்ஸ் வியூ, ஷேர்டு மெமரிக்குள் எதற்கு எவ்வளவு போயிருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். இது 13 முதல் இருக்கிறது.

மெம்இன்ஃபோவில் ஹியூஜ்பேஜஸ் ஃப்ரீ இன்னும் பெரிய எண்ணாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பக்கத்தை முதன்முறை தொடும்போதுதான் அது ஃப்ரீயிலிருந்து குறையும். கேட்டு வைத்து இன்னும் தொடாதவை ஹியூஜ்பேஜஸ் ரிசர்வ்டு வரியில் இருக்கும். ஃப்ரீயிலிருந்து ரிசர்வ்டைக் கழித்தால் வருவதே உண்மையான மிச்சம், அது நீங்கள் சேர்த்த 20, 30 அளவில் இருக்க வேண்டும். அதே கோப்பில் பேஜ்டேபிள்ஸ் வரி முன்பைவிடக் கணிசமாக இறங்கியிருக்கும்.

டாப் கட்டளையின் ரெஸ் பத்தியை ப்ராசஸ்வாரியாகக் கூட்டாதீர்கள். சாதாரணப் பக்கத்தில் ஓடும் சர்வரில் ஒவ்வொரு ப்ராசஸும் தொட்ட ஷேர்டு பக்கங்கள் அதில் சேர்ந்துவிடும், 200 ப்ராசஸ் கூட்டினால் ரேமைவிடப் பல மடங்கு வரும். ஒரு ப்ராசஸின் நியாயமான பங்கு வேண்டுமென்றால் எஸ்மேப்ஸ் கோப்பில் பிஎஸ்எஸ் மதிப்பைப் பாருங்கள்.

கேஷ் ஹிட் சதவீதத்தை மட்டும் வைத்து பஃபரைக் கூட்டுவதும் சரியல்ல. போஸ்ட்கிரெஸ் ‘படித்தேன்’ என்று எண்ணுவதில் கர்னலின் கேஷிலிருந்து வந்ததும் அடக்கம். பெரிய டேபிளை முழுக்கப் படிக்கும் குவெரி சிறு வளையம் ஒன்றை மட்டுமே பயன்படுத்தும், பஃபரைச் சற்றுக் கூட்டினாலும் அதன் எண் அவ்வளவாக நகராது. இதைவிட நம்பத்தக்கது பிஜி பஃபர்கேஷ் எக்ஸ்டென்ஷன். அதில் யூஸேஜ்கவுன்ட் 0 முதல் 5 வரை இருக்கும். பல நாள் உச்ச நேரங்களில் பார்த்து, பெரும்பாலான பக்கங்கள் 4, 5-இல் நின்றால் 20 ஜிபிக்குக் கூட்டலாம். பாதிக்கு மேல் 0, 1-இல் கிடந்தால் 12 ஜிபிக்கு இறக்கி மிச்சத்தைக் கர்னலுக்கு விடலாம். எப்படி மாற்றினாலும் 6-ஆம் படிக்குப் போய்ப் பக்க எண்ணிக்கையை மறுபடி எடுத்த பிறகே ரீஸ்டார்ட் செய்யுங்கள்.